வெள்ளையாய் வந்து பழுப்பாய்ப் போவது: பெங்களூரில் தாளின் கணக்கு

பெங்களூரு சுல்தான்பேட்டையில் சில்லறைக்காரர் தாளை எண்ணிக் கேட்பார், அச்சகக்காரர் எடை போட்டுக் கேட்பார். நகல் எடுக்கும் கடைக்கு வேண்டியது இத்தனை ரீம். அச்சகத்துக்கு வேண்டிய விவரம் எத்தனை ஜி.எஸ்.எம்., கிலோ என்ன விலை என்பது. இரண்டும் ஒரே கணக்குதான் என்பதைக் கடை வாசலில் நின்றபடியே பார்த்துவிடலாம். ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 75 கிராம் என்றால் ஓர் ஏட்டின் எடை சுமார் 4.7 கிராம்; 500 ஏடுகள் கொண்ட ரீம் 2.34 கிலோ. இந்தியர் ஒருவர் ஆண்டுக்குப் பயன்படுத்தும் தாளும் அட்டையும் 15, 16 கிலோ என்று தொழில் அமைப்புகள் சொல்கின்றன. ரீமில் சொன்னால் ஏழுகூட இல்லை. உலகச் சராசரியோ 55 கிலோவுக்கு மேல்.

கல்யாணப் பத்திரிகைக் கடைகளையும் டைரி, காலண்டர் கடைகளையும் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஜாலி மொஹல்லா. பெங்களூரின் பழம்பொருள் வணிகத்துக்குப் பேர்போன இடம். அங்கும் தாளுக்கு எடைதான். ஆனால் அங்கே இருப்பது படித்த செய்தித்தாள், எழுதித் தீர்த்த நோட்டு, பிரித்துத் தட்டையாக்கிய அட்டைப்பெட்டி. கன்னடத்தில் அட்டைக்கு ‘ரட்டு’ என்று பெயர்; பழைய பேப்பர் ‘ரத்தி’. சுல்தான்பேட்டைக்கு வெள்ளையாக வந்த தாளும், கிடங்குகளுக்குப் பெட்டியாக வந்த அட்டையும், ரத்தியாகவும் ரட்டாகவும் கட்டுப்போட்டு லாரி ஏறுகின்றன. வந்த லாரிகளில் பல ஓசூர் சாலை வழியே தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. போகும் லாரிகளிலும் பல அதே சாலையில் தமிழ்நாட்டு ஆலைகளுக்குப் போகின்றன.

இந்தப் போக்குவரத்தில் முதல் பாதியைத்தான் நாம் தாள் வணிகம் என்கிறோம். இரண்டாம் பாதியைக் குப்பை என்கிறோம். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்த்தால் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே நடப்பது என்னவென்று தெரியும்.

எல்லை இல்லாத இடத்தில் கணக்கும் இல்லை

இரண்டு சின்ன நாடுகளுக்கு நடுவே எவ்வளவு தாள் போய்வருகிறது என்று கேட்டால் அரை மணி நேரத்தில் விடை எடுத்துவிடலாம். உலகச் சுங்க அட்டவணையில் மரக்கூழும் கழிவுத்தாளும் 47ஆம் அத்தியாயம். தாளும் அட்டையும் 48. அச்சிட்ட புத்தகமும் செய்தித்தாளும் 49. கழிவுத்தாளுக்கு 4707, அட்டைப்பெட்டிக்கு 4819, நோட்டுப் புத்தகத்துக்கு 4820 என்று உள்பிரிவுகளும் உண்டு. எந்தத் துறைமுகத்திலும் இந்த எண்ணைப் போடாமல் ஒரு கட்டு தாளை இறக்க முடியாது. 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவுக்குள் தாள் கொண்டுவருவோர் முன்கூட்டியே இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று ஒன்றிய அரசு ஒரு கண்காணிப்பு முறையும் கொண்டுவந்தது.

2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தின் மக்கள்தொகை ஆறு கோடிக்கு மேல், தமிழ்நாட்டுடையது ஏழு கோடிக்கு மேல். ஐரோப்பாவின் பல நாடுகளைவிடப் பெரியவை. இவற்றுக்கு நடுவே ஒரு வருஷத்தில் எத்தனை டன் தாள் கைமாறுகிறது என்று கேட்டால் பொதுப் பார்வைக்கு ஒரு புத்தகமும் கிடைக்காது. மாநிலங்களுக்கு இடையிலான சரக்குப் போக்குவரத்தில் ரயில், ஆறு, விமானம் ஆகியவற்றின் கணக்கைத்தான் கொல்கத்தாவிலுள்ள வணிகப் புள்ளிவிவர இயக்ககம் வெளியிட்டு வந்தது. தாளோ பெரும்பாலும் லாரியில் போகிறது. இந்திய மாநிலங்கள் தமக்குள் எவ்வளவு வணிகம் செய்கின்றன என்பதற்கே 2016–17 பொருளாதார ஆய்வறிக்கைதான் வரி ரசீதுகளைக் கொண்டு முதன்முறையாக ஒரு விரிவான மதிப்பீடு தந்தது: நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 54 விழுக்காடு. அதுவரை எல்லாம் ஊகம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அத்திப்பள்ளி போன்ற எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ–வே பில் வந்தது. மாநிலத்துக்குள் ஓடும் சரக்குக்கும் அன்றே அதைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் கர்நாடகம். ஆகவே இன்று எந்த லாரியில் எழுதும் தாளான 4802, எந்த லாரியில் கழிவுத்தாளான 4707 என்பது கணினியில் இருக்கிறது. அதை மாநிலவாரியாக, பொருள்வாரியாகத் தொகுத்து மக்கள் முன் வைப்பதுதான் மிச்சம். அதுவரை இந்த வணிகத்தின் போக்கை ஆலைகளின் வரலாற்றிலும் வரி விகிதத்திலும் குப்பை வழக்குகளிலும் தேடித்தான் படிக்க வேண்டும்.

மூன்று ஆலைகள், மூன்று முடிவுகள்

தாள் விஷயத்தில் கர்நாடகம் முந்திப் புறப்பட்ட மாநிலம். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1936இல், பத்ராவதியில் மைசூர் காகித ஆலைக்கான நிறுவனம் பதிவானது. பத்ரா ஆறு, சுற்றிலும் மலைநாட்டுக் காடு, பக்கத்திலேயே 1923இல் தொடங்கிய இரும்பாலை. சமஸ்தானம் தன் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வேண்டிய தாளைத் தானே செய்துகொள்ள நினைத்தது. 1977இல் அது அரசு நிறுவனமானது. 1980களின் தொடக்கத்தில் செய்தித்தாள் காகிதத்தில் இறங்கியது. ஆண்டுக்கு 75,000 டன் செய்தித்தாள் காகிதமும் 30,000 டன் எழுதும், அச்சிடும் தாளும் செய்யும் திறன் அதற்கு இருந்தது. கரும்புச் சக்கைக்காகத் தனக்கென ஒரு சர்க்கரை ஆலையையும் வைத்திருந்தது.

அப்போது செய்தித்தாள் காகிதம் அரசின் பிடியில் இருந்த சரக்கு. 1962ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணைப்படி எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு என்பதை தில்லி முடிவுசெய்தது. பத்துப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்ற 1972–73 கொள்கையை உச்ச நீதிமன்றம் 1972இல் ரத்துசெய்தது பத்திரிகை வரலாற்றில் பெரிய தீர்ப்பு. அந்தப் பஞ்சத்திலிருந்து பிறந்தவைதான் தெற்கின் மூன்று ஆலைகள். பத்ராவதியில் 1981, கேரளத்தின் வெள்ளூரில் ஒன்றிய அரசு நிறுவனமான இந்துஸ்தான் நியூஸ்பிரிண்ட் 1982, கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984. நாலு வருஷத்துக்குள் மூன்றும் இயந்திரத்தை ஓட்டின.

1990களில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. பின்னர் சுங்க வரியும் படிப்படியாகக் கரைந்து ஒன்றுமில்லாமல் போனது. 2019 ஜூலையில் திரும்ப 10 விழுக்காடு போட்டு, 2020 பிப்ரவரியில் 5 ஆக்கினார்கள். நடுவில் இருந்த ஆண்டுகள் பத்ராவதியைத் தின்றுவிட்டன. பழைய இயந்திரம், ஏறும் மின்செலவு, குவியும் கடன். 2015இல் உற்பத்தி நின்றது. வெள்ளூர் ஆலை 2019இல் நின்றது. கேரள அரசு அதை வாங்கி 2022இல் வேறு பெயரில் மீண்டும் ஓட்டியது.

காகிதபுரம் தப்பித்தது. பெயரில் செய்தித்தாள் இருந்தாலும் அந்த ஆலை எழுதும் தாளுக்கும் நகல் தாளுக்கும் நகர்ந்துவிட்டது. 90,000 டன்னில் தொடங்கிய திறன் நாலு லட்சம் டன் என்ற அளவுக்கு வளர்ந்தது. 2016இல் திருச்சி மாவட்டம் மணப்பாறைக்குப் பக்கத்தில் மொண்டிப்பட்டியில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் பல்லடுக்கு அட்டை செய்யும் ஆலையும் திறந்தது. மூலப்பொருளுக்கு அது செய்த ஏற்பாடு எளிமையானது. சர்க்கரை ஆலைகள் தங்கள் கொதிகலனில் சக்கையை எரித்து நீராவி எடுத்துக்கொண்டிருந்தன. அந்தச் சக்கையைக் கொடுங்கள், பதிலுக்கு வேறு எரிபொருளில் நீராவிக்கு வழி செய்கிறோம் என்றது காகித நிறுவனம். பத்ராவதி தன் சக்கைக்கு ஒரு சர்க்கரை ஆலையையே கட்டி நடத்தியது. காகிதபுரமோ பிறர் ஆலைகளோடு பண்டமாற்று செய்துகொண்டது.

இதன் விளைவு சுல்தான்பேட்டையில் தெரிகிறது. எண்பது வருஷத்துக்கும் முன்னால் தன் தாளைத் தானே செய்யக் கிளம்பிய மாநிலத்தின் தலைநகரில், அரசு ஆலைத் தாள் என்றால் இன்று அது பெரும்பாலும் பக்கத்து மாநிலத்து அரசு ஆலைத் தாள்தான்.

ஒன்றரை ரூபாய் மூங்கில்

கர்நாடகத்தில் தனியார் ஆலை இன்னும் ஓடுகிறது. உத்தர கன்னட மாவட்டம் தாண்டேலியில் காளி ஆற்றங்கரையில் 1950களின் கடைசியில் தொடங்கிய வெஸ்ட் கோஸ்ட் ஆலை அது. அதன் கதையில் தாள் வணிகத்தின் மறைவான ஒரு விலை தெரியவரும். அதை வெளிக்கொண்டு வந்தது பெங்களூரிலிருந்து நடந்த ஆய்வு.

மேற்குத் தொடர்ச்சி மலை மூங்கிலை அரசு அந்த ஆலைக்கு டன்னுக்கு 1.50 ரூபாய்க்குக் கொடுத்தது. சந்தையில் கூடை முடைபவர்கள் அதே மூங்கிலுக்குக் கொடுத்தது பல நூறு மடங்கு. மூங்கில் தீர்ந்துபோகிறது என்று முடைவோர் குரல் கொடுத்ததும், 1970களில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மாதவ் காட்கிலிடம் ஆய்வை ஒப்படைத்தது அரசு. கிராமத்து ஆட்களின் மேய்ச்சலும் களவாடலும்தான் காரணம் என்பது ஆலையின் வாதம்.

காட்கில் காட்டில் கண்டது வேறு. மூங்கில் புதரின் அடிப்பகுதியை முள்கொடிகள் போல் அடர்ந்த கிளைகள் மூடியிருக்கும். நெருக்கம் குறைந்தால் வளர்ச்சி கூடும் என்று சொல்லி ஆலையின் ஆட்கள் அதை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். கிராமத்தார் இது தப்பு என்றார்கள். முள் போனதும் இளங்குருத்தை மாடும் குரங்கும் தின்றுவிடும் என்பது அவர்கள் அனுபவம். அளந்து பார்த்தபோது கிராமத்தார் சொன்னதே சரியாக இருந்தது. ஆலையோ பக்கத்துக் காடு தீர்ந்ததும் அடுத்த மாவட்டம், அடுத்த மாநிலம் என்று மூலப்பொருளுக்கு நகர்ந்துகொண்டே போனது.

பத்ராவதிக்கும் இதே போல ஒரு நிழல் உண்டு. தைலமரமும் அக்கேசியாவும் வளர்க்க 1980இல் அதற்கு 40 ஆண்டு குத்தகைக்குக் காட்டுநிலம் கொடுத்தார்கள். ஆலை நின்று ஐந்து வருஷம் கழித்து, 2020இல் குத்தகை முடிந்தது. ஓடாத ஆலைக்கு அரசு குத்தகையை நீட்டித்ததும் மலைநாட்டில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆலை போன பின்னும் அதன் மரம் நிற்கிறது. வணிகப் புள்ளிவிவரத்தில் டன்னுக்கு என்ன விலை என்று ஒரு கட்டம் இருக்கும். எந்த நிலம் அந்த டன்னைக் கொடுத்தது என்பதற்குக் கட்டம் கிடையாது.

எழுத்திலிருந்து பெட்டிக்கு

கணினி வந்தால் தாள் ஒழியும் என்ற வாக்குறுதியை இந்தியாவில் அதிகம் கேட்ட நகரம் பெங்களூரு. நடந்தது என்ன என்பதற்குக் கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டமே சாட்சி. ஏறத்தாழ இரண்டு கோடி நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, கிராமக் கணக்கர் கையால் எழுதிய பஹணி இனிச் செல்லாது என்று 2002 வாக்கில் அறிவித்தார்கள். தாலுகா அலுவலகச் சாளரத்தில் 15 ரூபாய் கட்டினால் அச்சிட்ட நகல் கிடைத்தது. கைலஞ்சம் குறைந்தது, காத்திருப்பு குறைந்தது. தாள் குறையவில்லை. ஒரு பேரேட்டில் ஒருமுறை எழுதியிருந்த வரி, கேட்கிறவருக்கெல்லாம் தனித்தனி ஏடாக வெளியே வந்தது.

உண்மையான மாற்றம் தாளின் அளவில் அல்ல, வகையில் வந்தது. 2007இல் பெங்களூரு கோரமங்கலாவில் தொடங்கிய ஃபிளிப்கார்ட் முதலில் விற்றது புத்தகம். அதாவது மேப்லித்தோ தாளில் அச்சிட்ட, 49ஆம் அத்தியாயத்துச் சரக்கு. பிறகு கைப்பேசி, துணி, சமையல் பாத்திரம் என்று போனது. புத்தகத்தின் பங்கு சுருங்கியது. ஆனால் எதை விற்றாலும் அதைச் சுற்றி ஒரு பெட்டி வேண்டும். அது 4819. எழுதும் தாளின் வணிகம் மெல்ல நகர, பெட்டித் தாளின் வணிகம் பாய்ந்தது. இந்தப் போக்கு உலகெங்கும் ஒன்றுதான். பெங்களூரில் அதை ஒரே நிறுவனத்தின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

பீன்யாவிலும் சுற்றுவட்டத் தொழிற்பேட்டைகளிலும் பெட்டி செய்பவர்களின் பேச்சில் ஜி.எஸ்.எம். பாதி, பி.எஃப். பாதி. பர்ஸ்டிங் ஃபேக்டர் என்பதன் சுருக்கம் அது. எவ்வளவு அழுத்தினால் கிழியும் என்ற அளவு. 18 பி.எஃப்., 20 பி.எஃப். என்று கிராஃப்ட் ரீல் வாங்குவார்கள். மேலே ஒரு தாள், அடியில் ஒரு தாள், நடுவே அலை அலையாய் மடித்த தாள் ஒன்று. இது மூன்று ப்ளை. இன்னொரு அலையும் இன்னொரு தாளும் சேர்ந்தால் ஐந்து ப்ளை. கிராஃப்ட் ரீல் நஞ்சன்கூட்டிலிருந்தும் வரும், கோவை, ஈரோடு, உடுமலைப் பக்கத்து ஆலைகளிலிருந்தும் வரும். இவற்றில் பெரும்பாலானவற்றின் மூலப்பொருள் பழைய பெட்டி.

இந்தச் சங்கிலியை வரி எப்படிப் பார்க்கிறது? 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த ஜி.எஸ்.டி. விகிதங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கழிவுத்தாளுக்கு 5 விழுக்காடு. அதிலிருந்து செய்யும் கிராஃப்ட் தாளுக்கு 18. அந்தக் கிராஃப்டில் செய்யும் பெட்டிக்கு 5. பெட்டிக்காரர் 18 கட்டி வாங்கி 5 வசூலித்து விற்கிறார். நடுவில் உள்ள வித்தியாசம் அவர் பணமாக அரசிடம் நிற்கும். கேட்டு வாங்கும்வரை அது முடங்கிய முதல். பெரிய நிறுவனம் தாங்கும். இரண்டு இயந்திரம் வைத்திருப்பவருக்கு மூச்சு முட்டும். எழுதும் தாளிலும் ஒரு முடிச்சு விழுந்தது. நோட்டுப் புத்தகத்துக்கு வரி இல்லை, அதற்கென வாங்கும் பூச்சில்லாத் தாளுக்கும் இல்லை. அதே ரீல் வேறு அச்சு வேலைக்குப் போனால் 18. ரீலைப் பார்த்து அது நோட்டாகுமா நோட்டீசாகுமா என்று எந்த வியாபாரியால் சொல்ல முடியும்?

வெளிநாட்டுக் காற்றும் இங்கே அடிக்கிறது. ஆசியான் ஒப்பந்தப்படி 2014 முதல் அந்த நாடுகளின் தாள் சுங்கமில்லாமல் வருகிறது. நகல் தாள் விலையைக் குறைத்துத் தள்ளுகிறார்கள் என்று இந்தோனேசியா, சிங்கப்பூர் சரக்குக்கு 2018 டிசம்பரில் குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். மரக்கூழில் செய்த பல்லடுக்கு அட்டைக்கு 2025 ஆகஸ்டில் டன்னுக்கு 67,220 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். மொண்டிப்பட்டியில் செய்வது இந்த வகை அட்டைதான்.

நகரமே காடு

இந்தியத் தாள் உற்பத்தியில் முக்கால் பங்கு பழைய தாளிலிருந்து வருகிறது. மரம் தருவது ஐந்தில் ஒரு பங்கு அளவு; சக்கையும் வைக்கோலும் அதற்கும் கீழே. அப்படியானால் இந்நாட்டின் மிகப் பெரிய காகிதக் காடு மேற்குத் தொடர்ச்சி மலையில் இல்லை, பெருநகரங்களில் இருக்கிறது. நாளொன்றுக்கு 4,000 டன்னுக்கு மேல் குப்பை போடும் பெங்களூரு அதில் ஒரு பெரிய வனம்.

இந்த வனத்தைத் தொழிலுக்குத் திறந்துவிட்டது தொழில் துறை இல்லை, நீதிமன்றம். மாவள்ளிபுராவில் குப்பை கொட்டுவதற்கு எதிராகக் கிராமத்தார் போராடி, 2012இல் அங்கே கொட்டுவது நின்றபோது பெங்களூரின் தெருக்கள் நாறின. கர்நாடக உயர் நீதிமன்றம் தலையிட்டது. வார்டுதோறும் உலர்கழிவு மையம் வேண்டும், வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்ற உத்தரவுகள் வந்தன. 2015 டிசம்பரில் ‘இரண்டு தொட்டி, ஒரு பை’ என்ற முறை கட்டாயமானது. சாம்பார் ஊறிய தாளை எந்த ஆலையும் வாங்காது. ஆகவே ஈரத்தையும் உலரையும் பிரிக்கச் சொன்ன உத்தரவு, நடைமுறையில் தாள் வணிகத்துக்கான உத்தரவாகவும் ஆனது.

அதற்கு முன்பே இந்த வேலையைச் செய்துவந்தவர்கள் குப்பை பொறுக்குவோர். 2011இல் பெங்களூரு மாநகராட்சி அவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது; இந்தியாவில் இது முன்னோடி முயற்சி. ‘ஹசிரு தள’ போன்ற அமைப்பின் வழியே அவர்களில் பலர் வார்டு மையங்களையே நடத்தத் தொடங்கினார்கள். நிறுவனங்களும் இறங்கின. ஐ.டி.சி. 2007இல் தொடங்கிய பழந்தாள் திரட்டும் திட்டம் பெங்களூரு வீடுகளுக்கும் வந்தது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் தேக்கம்பட்டியில் அந்த நிறுவனத்துக்குப் பழைய தாளில் அட்டை செய்யும் ஆலை இருக்கிறது.

மையத்தில் தாள் தரம் பிரிவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே குவியல். கை வைத்தவுடன் ஐந்தாறாகப் பிரிகிறது: செய்தித்தாள், எழுதிய வெள்ளைத்தாள், அச்சகத்து வெட்டுத்துண்டு, பளபளப்புப் பத்திரிகை, பழுப்புப் பெட்டி, சோப்பு, ஊதுவத்தி டப்பாவின் டூப்ளெக்ஸ். எழுத்தில்லாத வெள்ளை வெட்டுத்துண்டுக்கு நல்ல விலை. பல வண்ணம் கலந்த குப்பைக்கு அடிமட்ட விலை. பெட்டியில் ஒட்டிய பிளாஸ்டிக் நாடாவை உரிக்க வேண்டும், பின்னைப் பிடுங்க வேண்டும். பிறகு ஈரம். தாள் காற்றிலிருந்தே நீர் உறிஞ்சும். மழைக்காலத்தில் கட்டின் எடை தானாக ஏறும். ஆலை வாசலில் ஈரத்தை அளந்து எடையில் கழிப்பார்கள். பெங்களூரில் ஏற்றிய எடை வேறு, ஆலையில் எழுதும் எடை வேறு. நடுவில் உள்ள நஷ்டம் யார் தலையில் என்பதில்தான் இந்த வணிகத்தின் தகராறு பாதி.

ஒரு நார் முடிவில்லாமல் சுற்றிவராது. ஒவ்வொரு முறை கூழாகும்போதும் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு சுற்றுக்குள் தாளாகும் சத்தை இழக்கிறது. அதனால்தான் தெற்கத்திய கிராஃப்ட் ஆலைகள் உள்ளூர் ரட்டோடு அமெரிக்கப் பழைய பெட்டியைக் கலக்கின்றன. பைன் மரத்து நீள நார் அதில் இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளில் இதுவும் ஒன்று. 2018இல் சீனா கழிவுத்தாள் இறக்குமதியை இறுக்கி, 2021இல் முற்றாக மூடியதும் உலகச் சந்தை தடுமாறியது. சீன ஆலைகள் கழிவுக்குப் பதில் இந்தியாவிடம் கிராஃப்ட் ரீலாகவே வாங்கத் தொடங்கின. பெருந்தொற்றுக் காலத்தில் உள்ளூர்ப் பெட்டிக்காரர்களுக்குக் கிராஃப்ட் விலை தலைக்கு மேல் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். ஜாலி மொஹல்லாவில் ரட்டு கிலோவுக்கு என்ன விலை என்பதை அன்று முடிவுசெய்ததில் பெய்ஜிங்குக்கும் பங்கு உண்டு.

தாளில் ஓடும் காவிரி

காகித இயந்திரத்தின் வாய்க்குள் கூழ் நுழையும்போது அதில் 99 விழுக்காடு தண்ணீர், ஒரு விழுக்காடுதான் நார். வடிகட்டி, அழுத்தி, உருளையில் உலர்த்தித் தண்ணீரை ஓட்டினால் மிஞ்சுவது தாள். நவீன ஆலைகள் அந்த நீரில் பெரும்பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகின்றன. இருந்தும் மரத்திலோ சக்கையிலோ தாள் செய்யும் ஆலைக்கு ஒரு டன்னுக்குப் பல பத்தாயிரம் லிட்டர் புதுநீர் வேண்டும்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். காகிதபுரம் நீர் எடுப்பது காவிரியில். 1960களின் தொடக்கத்தில் ஓட ஆரம்பித்த பள்ளிபாளையம் சேஷசாயி ஆலை காவிரிக்கரையில். 1959இல் நிறுவிய நஞ்சன்கூட்டு ஆலை கபினிக்கரையில். கபினியும் காவிரிக்குத்தான் போகிறது. 2018 பிப்ரவரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75ஐப் பெங்களூரின் குடிநீருக்கென ஒதுக்கியது. இரண்டு மாநிலமும் அந்த ஆற்றின் ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் வழக்காடுகின்றன. ஆனால் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவைத் தாண்டிக் கீழே போன நீரில் ஒரு துளியை வெள்ளைத் தாளாக்கி மேலே பெங்களூருக்குத் திருப்பி அனுப்புவதைப் பற்றி எந்த நடுவர் மன்றமும் பேசியதில்லை. பழைய தாளைத் திருப்பிக் கொடுத்தால் அதில் மிச்சமாகும் நீரும் உண்டு. பழைய தாளைக் கூழாக்க மரத்தைக் கூழாக்குவதைவிட நீர் குறைவாகவே வேண்டும். ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி இது. இரு தரப்புக்கும் தெரியாமல் நடக்கிறது.

கடல் கடந்து ஒரு பாடம்

கணக்கு இல்லாவிட்டால் என்ன குடிமுழுகும் என்று கேட்பவர்களுக்கு இலங்கை விடை சொல்லும். மட்டக்களப்பு மாவட்டம் வாழைச்சேனையில் 1956இலும், எம்பிலிப்பிட்டியில் 1970களின் இறுதியிலும் காகித ஆலைகள் எழுந்தன. வாழைச்சேனை வைக்கோலில் தாள் செய்த ஆலை. போரும் நட்டமும் சேர்ந்து இரண்டையும் முடக்கின. நாடு இறக்குமதித் தாளை நம்பியது. 2022 மார்ச்சில் டொலர் தீர்ந்தபோது தாள் தீர்ந்தது. மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைத் தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள், சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. அடுத்த ஆண்டுக்கான பாடநூல்களில் ஏறத்தாழ பாதிக்கு வேண்டிய தாளும் அச்சுப்பொருளும் இந்தியக் கடனுதவியில் வாங்கப்பட்டன.

பெங்களூருக்கு அந்த நிலை வராது. ஓசூர் சாலையில் அந்நியச் செலாவணி கேட்பாரில்லை. ஆனால் ஓர் ஆலை நின்றால் என்ன போகும் என்பது, அது நின்ற அன்று தெரிவதில்லை, தாள் கிடைக்காத அன்றுதான் தெரிகிறது. பத்ராவதி நின்றபோது பெங்களூரில் ஒரு பத்திரிகையும் நிற்கவில்லை. அதனாலேயே அந்த இழப்பைக் கணக்கு எழுதவும் யாரும் உட்காரவில்லை.

பேரேட்டின் மறுபக்கம்

கர்நாடகம் தாள் தொழிலை விட்டுவிட்டது என்பது பாதி உண்மை. அரசு ஆலையை விட்டது. ஆனால் அதன் தலைநகர், பக்கத்து மாநில ஆலைகளுக்கு நார் கொடுக்கும் பெரும் பண்ணையாகிவிட்டது. ஒரு காலத்தில் மலைநாட்டு மூங்கிலை டன் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தவர்கள், இன்று நகரத்து நாரைக் குப்பை என்ற பெயரில் கணக்கில்லாமல் கொடுக்கிறார்கள். அன்று நஷ்டப்பட்டவர் கூடை முடைபவர். இன்று ஈரம் கழித்த எடையில் நஷ்டப்படுபவர் தாள் பொறுக்கிப் பிரிப்பவர்.

இதைச் சரிசெய்யப் புதிய ஆலை வேண்டியதில்லை. இ–வே பில்லில் ஏற்கெனவே இருக்கும் 47, 48ஆம் அத்தியாயக் கணக்கை மாநிலவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கிராஃப்டுக்கும் பெட்டிக்கும் வரியை ஒன்றாக்க வேண்டும். வார்டு மையங்களுக்கு மழை படாத கூரையும் ஈரம் அளக்கும் கருவியும் கொடுக்க வேண்டும். எடையை ஏற்றும் இடத்திலேயே உறுதிசெய்தால் தகராறில் பாதி தீரும்.

வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டுக்கு வரும் அடுத்த பெட்டியைப் பிரித்ததும் நாடாவை உரித்துவிடுங்கள், தட்டையாக மடியுங்கள், சமையலறை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நனைந்த பெட்டி குப்பைமேட்டுக்குப் போகும். நனையாத பெட்டி மறுபடி பெட்டியாகும்.